சி மொழியில் சீரியல் போர்ட்டின் வேகத்தை அமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீரியல் போர்ட்டில் வேகம் (நொடிக்கு எத்தனை பிட்) என்று மூன்று எண்களைச் சொல்லலாம்: நிரல் கேட்ட வேகம், இயங்குதளம் ஏற்றுக்கொண்ட வேகம், கம்பியில் நிஜமாக ஓடும் வேகம். மூன்றும் ஒத்துப்போகும்வரை யாருக்கும் கேள்வி எழுவதில்லை. கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை, மூன்றில் ஒன்று விலகிப்போனதால் வந்தவை. பதில்களை லினக்ஸை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மேக், விண்டோஸ், மைக்ரோகன்ட்ரோலர் ஆகியவை தேவைப்படும் இடத்தில் வரும். நிரலில் வரும் பெயர்களை ஒலிப்படி தந்திருக்கிறேன். தட்டும்போது சார்புகள் சிறிய எழுத்தில், மாறிலிகளும் கொடிகளும் பெரிய எழுத்தில்.

வேகத்தை மாற்றக் குறைந்தபட்சம் என்ன எழுத வேண்டும்?

ஐந்து படிகள். முதலில் போர்ட்டை ஓப்பன் சார்பால் திறக்க வேண்டும். ஓ_ஆர்டிடபிள்யூஆர் கொடியோடு ஓ_நோசிடிடிஒய் கொடியையும் சேருங்கள். இரண்டாவது கொடி இல்லாவிட்டால் அந்தப் போர்ட் உங்கள் நிரலின் கட்டுப்பாட்டு முனையமாகிவிடக்கூடும். வரும் தரவில் ஒரு கன்ட்ரோல்-சி பைட் இருந்தால் நிரலே நின்றுபோகும். அடுத்து டிசிகெட்ஆட்டர் சார்பால் இப்போதைய அமைப்பை ஒரு டெர்மியோஸ் கட்டமைப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு சிஎஃப்செட்ஐஸ்பீட், சிஎஃப்செட்ஓஸ்பீட் இரண்டையும் பி9600 போன்ற ஒரு மாறிலியோடு அழையுங்கள். முன்னது வரும் திசை, பின்னது போகும் திசை. நான்காவதாகத் தேவையான கொடிகளைத் திருத்துங்கள். கடைசியாக டிசிசெட்ஆட்டர்.

புதிதாக எழுதுபவர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. சிஎஃப்செட் என்று தொடங்கும் இரண்டு சார்புகளும் வன்பொருளைத் தொடுவதே இல்லை. உங்கள் நினைவகத்தில் இருக்கும் கட்டமைப்பில் ஒரு எண்ணை எழுதிவைப்பதோடு அவற்றின் வேலை முடிந்தது. டிசிசெட்ஆட்டர் அழைக்கப்படும்வரை போர்ட்டில் பழைய வேகம்தான்.

கட்டமைப்பைப் பூச்சியத்தால் நிரப்பிவிட்டுத் தொடங்கும் நிரல்கள் நிறையக் கிடைக்கின்றன. அப்படிச் செய்யாதீர்கள். இருப்பதை வாங்கி, வேண்டியதை மட்டும் மாற்றுங்கள். வாங்கிய அசல் அமைப்பின் ஒரு நகலைத் தனியாக வைத்திருந்து, நிரல் முடியும்போது திருப்பிப் போட்டுவிட்டுப் போவது அடுத்து அந்தப் போர்ட்டைத் திறக்கும் நிரலுக்குச் செய்யும் மரியாதை.

சிலோக்கல், சிரீட் என்ற இரு கொடிகளையும் மறக்க வேண்டாம். சிரீட் இல்லாவிட்டால் எதையும் வாங்காது. சிலோக்கல் இல்லாவிட்டால், மோடம் இணைப்பு கிடைத்ததாகச் சொல்லும் கம்பிக்காக ஓப்பன் அழைப்பு காத்துக்கொண்டே நிற்கலாம். மூன்றே கம்பிகள் கொண்ட இணைப்பில் அந்தச் சைகை வரப்போவதே இல்லை.

பி9600 எதற்கு? 9600 என்று எண்ணையே கொடுத்தால் என்ன?

நீண்ட காலமாக லினக்ஸில் பி9600 என்ற மாறிலியின் மதிப்பு 9600 அல்ல, 13. பி38400 என்பது 15. பி115200 என்பது 4098. இவை வேகங்களே அல்ல. கட்டமைப்பின் கட்டுப்பாட்டுப் புலத்தில் சில பிட்டுகளில் அடங்குவதற்காக வைத்த குறியெண்கள். அதனால் 115200 என்ற எண்ணைச் சிஎஃப்செட்ஓஸ்பீட் சார்புக்கு அப்படியே கொடுத்தால் அது −1 திருப்பி, எர்னோவில் ஈஇன்வால் என்று வைத்துவிட்டுப் போய்விடும். கட்டமைப்பில் பழைய வேகமே இருக்கும்.

இதில் ஆபத்தான தற்செயல் ஒன்று உண்டு. லினக்ஸில் பெரும்பாலான சீரியல் டிரைவர்கள் தொடக்கத்தில் 9600 வேகத்தில்தான் வருகின்றன. ஆகவே 9600 என்று தவறாக எழுதி, திரும்பும் மதிப்பையும் பார்க்காமல் விட்டவரின் நிரல், 9600 வேகத்தில் பேசும் கருவியோடு நன்றாகவே வேலை செய்யும். பல மாதங்கள் கழித்துக் கருவியை 115200க்கு மாற்றும்போதுதான் எல்லாம் நின்றுபோகும். அதுவரை ஓடிய நிரல் என்பதால் சந்தேகம் கருவியின்மேல் விழும். தேடல் தவறான இடத்தில் தொடங்கும்.

பிஎஸ்டி வழிவந்த இயங்குதளங்களிலும் மேக்கிலும் பி9600 என்பதன் மதிப்பு 9600தான். அங்கே எழுதிய நிரல் லினக்ஸுக்கு வரும்போது இதே பள்ளத்தில் விழுகிறது. லினக்ஸில் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சியின், 2025இல் வந்த 2.42 பதிப்பிலிருந்து லினக்ஸிலும் நிலைமை மாறிவிட்டது: வேகத்தைக் குறிக்கும் மதிப்பு இப்போது நேரடியான எண்தான், எந்த எண்ணையும் கொடுக்கலாம். ஆனாலும் உங்கள் நிரல் பழைய கணினிகளிலும் கம்பைல் ஆகப்போகிறது என்றால் மாறிலியையே பயன்படுத்துங்கள். இரண்டு காலத்துக்கும் பொருந்துவது அதுதான்.

பயனர் கட்டளை வரியில் 57600 என்று தருகிறார். அதை மாறிலியாக மாற்றுவது எப்படி?

ஒரு சுவிட்ச் கூற்று போதும்: 9600 என்றால் பி9600, 19200 என்றால் பி19200 என்று. மாறிலியின் பெயரை எண்ணிலிருந்து கணக்குப் போட்டு உருவாக்க வழியில்லை. யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸ் உறுதி தரும் பட்டியல் 50இல் தொடங்கி 38400இல் முடிகிறது. 57600, 115200, 230400 தொடங்கி 4000000 வரை லினக்ஸ் தன் பங்குக்குச் சேர்த்தவை. ஆகவே அவற்றை இஃப்டெஃப் போட்டுக் காப்பது நல்லது. பட்டியலில் இல்லாத எண் வந்தால் அருகில் உள்ள வேகத்துக்கு நீங்களாக மாற்றிவிடாதீர்கள். பிழை என்று சொல்லி நிறுத்துங்கள்.

டிசிசெட்ஆட்டர் 0 திருப்பியது. பிழையே இல்லை. ஆனாலும் வேகம் மாறவில்லையே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

டிசிசெட்ஆட்டர் வெற்றி என்று சொல்வதற்குக் கேட்ட எல்லாமே நிறைவேறியிருக்க வேண்டியதில்லை. கேட்டவற்றில் ஏதாவது ஒன்றைச் செய்ய முடிந்தாலே அது 0 திருப்பும். போசிக்ஸ் தரமே இப்படித்தான் வரையறுத்திருக்கிறது. நீங்கள் ஒரே அழைப்பில் வேகம், பாரிட்டி (பிழையைக் கண்டறியச் சேர்க்கும் கூடுதல் பிட்), எக்கோ மூன்றையும் மாற்றக் கேட்டு, எக்கோ மட்டும் மாறி, வேகத்தை வன்பொருள் மறுத்திருந்தாலும் வெற்றிதான்.

ஆகவே டிசிசெட்ஆட்டருக்குப் பின் இன்னொரு முறை டிசிகெட்ஆட்டரை அழைத்து, வேறொரு கட்டமைப்பில் வாங்கி, சிஎஃப்கெட்ஓஸ்பீட், சிஎஃப்கெட்ஐஸ்பீட் சொல்வதை நீங்கள் கேட்டதோடு ஒப்பிடுங்கள். பாரிட்டி, நிறுத்த பிட் (பைட்டின் முடிவைக் காட்டுவது), பிட் எண்ணிக்கை ஆகியவற்றுக்கும் இதே சோதனையைச் செய்யலாம். மொத்தம் நான்கைந்து வரிகள்தான். இவை இல்லாத சீரியல் நிரலை நான் முடிந்த நிரலாக எண்ணுவதில்லை.

வரும் திசையின் வேகத்தைப் பற்றி ஒரு குறிப்பு. சிஎஃப்செட்ஐஸ்பீடுக்கு 0 கொடுத்தால், போகும் திசையின் வேகத்தையே எடுத்துக்கொள் என்று பொருள். இரு திசைகளுக்கும் வெவ்வேறு வேகத்தைப் பெரும்பாலான வன்பொருள் ஏற்காது; கேட்டாலும் ஒன்றையே இரண்டுக்கும் வைத்துக்கொள்ளும். அதுவும் திரும்ப வாங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

வேகம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சில பைட்டுகள் மட்டும் காணாமல் போகின்றன, சில மாறிவிடுகின்றன.

எவை என்று பாருங்கள். 17, 19 ஆகிய மதிப்புகள் காணாமல் போனால் ஐஎக்ஸ்ஆன் கொடி போடப்பட்டிருக்கிறது; அந்த இரண்டு பைட்டுகளையும் டிரைவர் 'தொடர்', 'நிறுத்து' என்னும் ஓட்டக் கட்டுப்பாட்டுச் சைகைகளாக எடுத்துக்கொள்கிறது. 13 வர வேண்டிய இடத்தில் 10 வந்தால் ஐசிஆர்என்எல். நீங்கள் அனுப்பும் 10 மறுமுனையில் 13, 10 என்று இரண்டாக வந்தால் ஓபோஸ்ட். ஒரு வரி முடியும்வரை ரீட் அழைப்பு எதையும் தராவிட்டால் ஐகேனான். கருவி அனுப்பியது அதற்கே திரும்பிப் போனால் எக்கோ.

சீரியல் போர்ட்டை இயங்குதளம் மனிதர் உட்கார்ந்து தட்டும் முனையமாகவே கருதுகிறது. இந்த வசதிகள் எல்லாம் அந்தக் காலத்தவை. தரவு அனுப்பும் போர்ட்டில் இவை ஒன்றுமே வேண்டாம். சிஎஃப்மேக்ரா சார்பு ஒரே அழைப்பில் இவற்றை அணைத்து 8 பிட், பாரிட்டி இல்லை என்று வைக்கும். அது லினக்ஸ், பிஎஸ்டி, மேக் எல்லாவற்றிலும் உண்டு.

உரையாக மட்டுமே சோதித்துப் பார்த்துவிட்டு நிரல் தயார் என்று முடிவு செய்ய வேண்டாம். 0 முதல் 255 வரை எல்லா மதிப்புகளையும் ஒருமுறை அனுப்பி வாங்கிப் பாருங்கள்.

டிசிஎஸ்ஏநவ், டிசிஎஸ்ஏடிரெயின், டிசிஎஸ்ஏஃபிளஷ்: எதைக் கொடுப்பது?

மாற்றம் எப்போது நடக்க வேண்டும் என்று டிசிசெட்ஆட்டருக்குச் சொல்பவை இவை. போர்ட்டைத் திறந்தவுடன் என்றால் டிசிஎஸ்ஏஃபிளஷ். பழைய வேகத்தில் வந்து தேங்கியிருக்கும் குப்பையையும் தூக்கி எறிந்துவிடும். பேச்சின் நடுவே வேகத்தை மாற்றுகிறீர்கள் என்றால் டிசிஎஸ்ஏடிரெயின். ஏற்கெனவே எழுதிய பைட்டுகள் பழைய வேகத்தில் போய்ச் சேர்ந்த பிறகே மாற்றம் நடக்கும்.

ஜிபிஎஸ் கருவிக்கு வேகத்தை மாற்றும் கட்டளையை அனுப்பியதும் டிசிஎஸ்ஏநவ் போட்டால், கட்டளையின் பாதி பழைய வேகத்திலும் மீதி புதிய வேகத்திலும் போகும். கருவிக்கு எதுவும் புரியாது. யுஎஸ்பி மாற்றிகளில் இன்னும் கவனம் தேவை: கணினி காலி செய்துவிட்டதாகச் சொன்ன பிறகும் மாற்றியின் சில்லுக்குள் சில பைட்டுகள் மிச்சமிருக்கலாம். அந்தப் பைட்டுகளுக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிட்டுச் சற்றுக் காத்திருந்து மாற்றுங்கள்.

250000, 31250, 74880 போன்ற வேகங்களுக்கு மாறிலியே இல்லையே?

மிடி இசைக்கருவிகள் 31250இல் பேசுகின்றன, மேடை விளக்குகளின் டிஎம்எக்ஸ் 250000இல். ஈஎஸ்பி8266 சில்லு இயங்கத் தொடங்கும்போது 74880இல் செய்தி தருகிறது. 40 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை எண்ணி 115200க்குப் போட்ட கணக்கு, 26 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் ஓடுவதால் வந்த எண் அது.

லினக்ஸில் இதற்கு டெர்மியோஸ்2 என்ற கட்டமைப்பு இருக்கிறது. டிரைவரோடு நேரடியாகப் பேசும் ஐஆக்டெல் அழைப்பில் டிசிகெட்ஸ்2 கொடுத்து வாங்குங்கள். கட்டுப்பாட்டுப் புலத்தில் சிபாட் பிட்டுகளை அழித்து, பிஅதர் கொடியைப் போட்டு, சி_ஐஸ்பீட், சி_ஓஸ்பீட் புலங்களில் வேண்டிய எண்ணை அப்படியே எழுதி, டிசிசெட்ஸ்2 கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள்.

இதற்கான தலைப்புக் கோப்பு ஏஎஸ்எம் அடைவில் உள்ள டெர்ம்பிட்ஸ்.ஹெச். வழக்கமான டெர்மியோஸ்.ஹெச் கோப்போடு சேர்த்தால் ஒரே கட்டமைப்பை இருமுறை அறிவித்ததாகக் கம்பைலர் சண்டைக்கு வரும். வேகத்தை மாற்றும் ஒரே ஒரு சார்பைத் தனி சி கோப்பில் வைத்து, அங்கே மட்டும் டெர்ம்பிட்ஸைச் சேர்ப்பது சுத்தமான தீர்வு. இணையத்தில் காணக்கிடைக்கும் வழியான, கட்டமைப்பின் அறிவிப்பை வெட்டி உங்கள் நிரலில் ஒட்டிக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். செயலிக்குச் செயலி கொடிகளின் மதிப்பு வேறுபடலாம்.

டெர்மியோஸ்2இல் இன்னொரு நன்மை: செட் செய்த பிறகு திரும்ப வாங்கினால், பல டிரைவர்கள் தங்களால் உண்மையில் கொடுக்க முடிந்த வேகத்தை அதில் எழுதித் தருகின்றன. மேக்கில் இதே வேலைக்கு ஐஓஎஸ்எஸ்ஐஓஸ்பீட் என்ற ஐஆக்டெல் உண்டு. பழைய பக்கங்களில், 38400ஐக் கேட்டுவிட்டு வகுஎண்ணை வேறாக மாற்றிவைக்கும் ஒரு உத்தியைப் பார்ப்பீர்கள். அதன் காலம் முடிந்துவிட்டது.

இயங்குதளம் ஒப்புக்கொண்ட வேகம் கம்பியில் அப்படியே வருமா?

எப்போதும் இல்லை. வேகம் என்பது ஒரு கடிகாரத்தை முழு எண்ணால் வகுத்து வருவது. வகுபடாத வேகம் கிடைக்காது.

பழைய பிசிக்களின் சீரியல் சில்லில் 1.8432 மெகாஹெர்ட்ஸ் படிகம் இருந்தது. சில்லு அதை 16ஆல் வகுத்துக்கொள்ளும், மிச்சம் 115200. உங்கள் வேகம் 115200ஐ ஒரு முழு எண்ணால் வகுத்தது: 9600க்கு 12, 38400க்கு 3, 57600க்கு 2. 57600க்கும் 115200க்கும் நடுவே ஒன்றுமே கிடையாது. 76800 கேட்டால் 1.5ஆல் வகுக்க வேண்டும், அது முடியாது. வழக்கமான வேகங்கள் ஏன் இந்த எண்களாக இருக்கின்றன என்பதும், 100000 போன்ற உருண்டையான எண்கள் ஏன் தொல்லை தருகின்றன என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

இன்றைய யுஎஸ்பி மாற்றிகள் பின்னத்தாலும் வகுக்கும். எஃப்டி232ஆர் சில்லு 3 மெகாஹெர்ட்ஸை எட்டில் ஒரு பங்கு நுணுக்கத்தில் வகுக்கிறது. 250000க்கு 12ஆல் வகுத்தால் துல்லியம். 115200க்கு 26ஆல் வகுத்து 115385 தருகிறது, பிழை 0.16%. இது ஒரு பொருட்டே இல்லை.

எவ்வளவு பிழை பொருட்டு? வாங்கும் பக்கம் தொடக்க பிட்டின் விளிம்பைப் பார்த்துத் தன் கடிகாரத்தைத் தொடங்கி, ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் கம்பியைப் பார்க்கிறது. 8 பிட், பாரிட்டி இல்லாமல், 1 நிறுத்த பிட் என்றால் கடைசிப் பார்வை விளிம்பிலிருந்து 9.5 பிட் தூரத்தில். அதற்குள் அரை பிட் விலகினால் தவறான பிட்டைப் பார்த்துவிடும். 0.5ஐ 9.5ஆல் வகுத்தால் 5.3%. ஆனால் இது இரண்டு பக்கமும் சேர்ந்து செலவழிக்கக்கூடிய மொத்தம், அதிலும் விளிம்பைக் கண்டறிவதில் வரும் தாமதமும் கம்பியில் சைகை மழுங்குவதும் ஒரு பகுதியைத் தின்றுவிடும். ஆளுக்கு 2% என்று வைத்துக்கொண்டால் நிம்மதியாக இருக்கலாம். ஒவ்வொரு பைட்டிலும் தொடக்க பிட் வந்து கணக்கைப் புதிதாகத் தொடங்குவதால், பிழை அடுத்த பைட்டுக்குச் சேர்ந்து வளராது. இந்த எளிய ஏற்பாடுதான் தனிக் கடிகாரக் கம்பி இல்லாமலே இரண்டு கருவிகள் பேச வழிசெய்கிறது.

கடிகாரமே அசைகிற இடங்களும் உண்டு. ராஸ்பெர்ரி பையின் மினி யுஆர்ட் என்ற சீரியல் சுற்று தன் வேகத்தைக் கிராஃபிக்ஸ் மையத்தின் கடிகாரத்திலிருந்து எடுக்கிறது. அந்தக் கடிகாரம் சுமைக்கேற்ப மாறினால் உங்கள் வேகமும் மாறும். அங்கே மையக் கடிகாரத்தை நிலைநிறுத்துவதே முதல் வேலை.

மைக்ரோகன்ட்ரோலரில் வகுஎண்ணை நானே கணக்கிடுகிறேன். சூத்திரம் சரி, வேகம் தவறு. எங்கே பிசகு?

பெரும்பாலும் சூத்திரத்தில் இல்லை; சி மொழியின் முழு எண் கணக்கில். ஏவிஆர் சில்லை எடுத்துக்கொள்வோம். வகுஎண்ணை வைக்கும் யுபிஆர்ஆர் பதிவேட்டுக்கான சூத்திரம்: எஃப்_சிபியு / (16 * பாட்) − 1. எஃப்_சிபியு என்பது சில்லின் கடிகாரம், பாட் என்பது வேண்டிய வேகம்.

முதல் பிசகு, வகுத்தலில் வெட்டப்படும் மீதி. 16 மெகாஹெர்ட்ஸில் 115200 வேண்டும். வகுத்தால் 8.68. சி அதை 8 என்று வெட்டிவிடும். 1 கழித்து 7. அந்த மதிப்பில் உண்மையான வேகம் 125000, பிழை 8.5%. குப்பைதான் வரும். அருகில் உள்ள முழு எண்ணுக்குக் கொண்டுபோயிருந்தால் 9, கழித்து 8. வேகம் 111111, பிழை −3.5%. இதுவும் மோசம்தான், ஆனால் சில நேரம் ஓடும். யு2எக்ஸ் பிட்டைப் போட்டு 16க்குப் பதில் 8ஆல் வகுக்கச் சொன்னால், பதிவேட்டில் 16 வைத்து 117647 கிடைக்கும், பிழை +2.1%. மூன்றில் இதையே எடுங்கள். சரியாக வட்டமிட, வகுபடும் எண்ணோடு வகுஎண்ணின் பாதியைக் கூட்ட வேண்டும்: (எஃப்_சிபியு + 8 * பாட்) / (16 * பாட்) − 1.

இரண்டாவது பிசகு வியப்பானது. ஏவிஆரில் இன்ட் 16 பிட். அதன் உச்சம் 32767. பாட் என்பதை 9600 என்று வெறுமனே வரையறுத்திருந்தால், 16 * 9600 இன்ட்டிலேயே கணக்கிடப்படும்; விடை 153600 அதில் அடங்காது, நிரம்பி வழியும். அதே நிரலில் 115200 போட்டால் இந்தச் சிக்கல் வராது! ஏனென்றால் 115200 இன்ட்டில் அடங்காத எண் என்பதால் கம்பைலர் அதைத் தானாகவே லாங் ஆக்கிவிடுகிறது. வேகமான இணைப்பு ஓடி, மெதுவான இணைப்பு ஓடாமல் போகும் மர்மத்துக்கு இதுதான் காரணம். 9600யுஎல் என்று பின்னொட்டோடு எழுதினால் தீர்ந்தது. கம்பைலரின் எச்சரிக்கையைப் படித்திருந்தாலும் தெரிந்திருக்கும்.

ஏவிஆர் லிப்சியின் செட்பாட்.ஹெச் இந்தக் கணக்கு எல்லாவற்றையும் செய்து, பிழை 2%ஐத் தாண்டினால் கம்பைல் நேரத்திலேயே எச்சரிக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

கம்பியில் ஓடும் வேகத்தை எப்படி அளப்பது?

ஆங்கிலப் பெரிய எழுத்து யு-வைத் தொடர்ந்து அனுப்புங்கள். அதன் மதிப்பு பதினாறடி எண்ணில் 55. பிட்டுகள் ஒன்றுவிட்டு ஒன்று மாறும். தொடக்க, நிறுத்த பிட்டுகளும் சேர்ந்து கம்பியில் ஒழுங்கான சதுர அலை ஓடும். ஆசிலோஸ்கோப்பிலோ லாஜிக் அனலைசரிலோ ஒரு பிட்டின் அகலத்தைப் பாருங்கள்: 9600க்கு 104 மைக்ரோ நொடி, 115200க்கு 8.68. அலைவெண் அளக்கும் மல்டிமீட்டர் மட்டும் இருந்தாலும் போதும், வேகத்தின் பாதியைக் காட்டும். 9600க்கு 4800 ஹெர்ட்ஸ்.

அனுப்பும் முனையையும் வாங்கும் முனையையும் ஒரு கம்பியால் இணைத்துச் செய்யும் லூப்பேக் சோதனையால் வேகத்தைச் சரிபார்க்க முடியாது. இரண்டு பக்கமும் ஒரே கடிகாரம். வேகம் எவ்வளவு தவறாக இருந்தாலும் தனக்குத்தானே சரியாகக் கேட்கும். கம்பி, அனுமதி, கொடிகள் ஆகியவற்றைச் சோதிக்க மட்டுமே அது உதவும்.

திரையில் குப்பை வருகிறது. வேகம்தான் காரணமா?

குப்பையின் தோற்றமே நிறையச் சொல்லும். அனுப்பியதைவிடக் குறைவான பைட்டுகள் வந்தால் நீங்கள் மெதுவான வேகத்தில் கேட்கிறீர்கள். வருவது பெரும்பாலும் பூச்சியங்களாக இருந்தால் மிக வேகமாகக் கேட்கிறீர்கள்: 9600இன் ஒரு தொடக்க பிட்டே 115200க்குப் பன்னிரண்டு பிட் நீளம்.

சில எழுத்துகள் எப்போதும் சரியாக வந்து சில எப்போதும் தவறினால் வேகத்தைத் தொடாதீர்கள், அது பாரிட்டி. 7 பிட், இரட்டைப் பாரிட்டியில் அனுப்புவதை 8 பிட்டாக வாங்கினால் ஏ, பி, டி எழுத்துகள் சரியாகவும் சி, இ, எஃப் மேல் பிட் ஏறியும் வரும். மோட்பஸ் ஆர்டியு கருவிகளில் இது வழக்கம். அதன் தரம் சொல்லும் இயல்பு அமைப்பு 19200, இரட்டைப் பாரிட்டி.

எந்த வேகத்தில் வைத்தாலும் குப்பை என்றால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். பழைய பிசி போர்ட்டின் ஆர்எஸ்-232 சைகை, மைக்ரோகன்ட்ரோலர் முனைகளில் வரும் டிடிஎல் சைகைக்குத் தலைகீழ், அழுத்தமும் அதிகம். நடுவே மாற்றிச் சில்லு இல்லாமல் இணைத்தால் படிக்கவும் முடியாது, சில்லும் கெடலாம். பூமிக் கம்பி இணைக்கப்படாத இணைப்பிலும் இப்படித்தான்.

ஐயத்தை எண்ணால் தீர்க்க லினக்ஸில் டிஐஓசிஜிஐகவுன்ட் என்ற ஐஆக்டெல் இருக்கிறது. நிறுத்த பிட் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாத பைட்டுகளின் எண்ணிக்கை, பாரிட்டி பிழைகள், நிரம்பி வழிந்தவை என்று தனித்தனியாகத் தரும். முதல் எண் ஏறிக்கொண்டே போனால் வேகம். கடைசி எண் ஏறினால் வேகம் சரி, வாங்கும் பக்கத்துக்கு நேரம் போதவில்லை.

கருவியின் வேகம் என்னவென்றே தெரியவில்லை.

கருவி தானாகப் பேசுவது என்றால் வழக்கமான வேகங்களை ஒரு அணியில் வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். மாற்றியவுடன் டிசிஃபிளஷ் போட்டுப் பழையதைக் கொட்டிவிட்டுச் சில நூறு பைட்டுகள் வாங்கி, நீங்கள் எதிர்பார்க்கும் வடிவம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஜிபிஎஸ் என்றால் டாலர் குறியில் தொடங்கி வரிமுடிவில் முடியும், சரிபார்ப்பு எண்ணும் பொருந்தும் ஒரு வரி. படிக்கத்தக்க எழுத்துகள் வருகின்றன என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தவறான வேகத்திலும் அவை தற்செயலாக வரும். ஜிபிஎஸ் வரிகளின் வடிவத்தை வரையறுக்கும் என்எம்இஏ 0183 தரத்துக்கு 4800, பல ஜிபிஎஸ் தொகுதிகளுக்கு 9600. தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.

யுஎஸ்பியில் நேரடியாகச் செருகும் போர்டில் எந்த வேகம் கொடுத்தாலும் வேலை செய்கிறதே?

அங்கே சீரியல் கம்பியே இல்லை. யுஎஸ்பியிலேயே சீரியல் போர்ட்டாகத் தோன்றும் சிடிசி-ஏசிஎம் வகைக் கருவியில் நீங்கள் கொடுக்கும் வேகம் ஒரு செய்தியாகப் போய்ச் சேர்கிறது, தரவு யுஎஸ்பி வேகத்தில் ஓடுகிறது. கருவி அந்த எண்ணைப் பொருட்படுத்தாமல் விடலாம், அல்லது சைகையாக எடுத்துக்கொள்ளலாம்: ஆர்டுயினோ லியனார்டோ, 1200 வேகத்தில் திறந்து மூடினால் புதிய நிரலை ஏற்கும் நிலைக்குப் போகும். இந்தப் போர்டில் சோதித்த நிரலை உண்மையான சீரியல் இணைப்புக்குக் கொண்டுபோகும்போது வேகத்தை அமைக்கும் பகுதி ஒருமுறைகூடச் சோதிக்கப்படவில்லை என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

115200 என்றால் நொடிக்கு எத்தனை பைட்?

11520. ஒவ்வொரு பைட்டுக்கும் தொடக்கம், நிறுத்தம் சேர்த்து 10 பிட். ஒரு பைட்டுக்கு 87 மைக்ரோ நொடி. 9600இல் ஒரு மில்லி நொடிக்குச் சற்று மேல், 300இல் 33 மில்லி நொடி. ரீட் அழைப்பின் காத்திருப்பு நேரத்தை முடிவு செய்யும்போது இந்தக் கணக்கு தேவை. அந்த நேரத்தை வைக்கும் விடைம் அமைப்பு பத்தில் ஒரு நொடி அலகில் இருப்பதையும் நினைவில் வையுங்கள்.

வேகத்தைக் கூட்டியதும் பைட்டுகள் தொலைகின்றன.

அனுப்பியவை வந்து சேர்கின்றன, எடுத்துவைக்க ஆளில்லை. 16550ஏ சில்லின் வரிசையில் 16 பைட்டுகள்தான் நிற்கும். 115200இல் அது ஒன்றரை மில்லி நொடிக்கும் குறைவான அவகாசம். கருவிக்கு ஓட்டக் கட்டுப்பாட்டுக்கான ஆர்டிஎஸ், சிடிஎஸ் கம்பிகள் இருந்தால் இணைத்து, சிஆர்டிஎஸ்சிடிஎஸ் கொடியைப் போடுங்கள். கம்பிகள் இல்லாமல் கொடியை மட்டும் போட்டால் எழுதுவது எதுவும் வெளியே போகாமல் நிற்கும். நிரலில் வாங்கும் வேலையைத் தனி இழைக்குக் கொடுத்து, ஒரு பைட் ஒரு பைட்டாக வாங்காமல் பெரிய துண்டாக ரீட் செய்வதும் உதவும்.

கேபிளும் காரணமாகலாம். ஆர்எஸ்-232 தரம் 20000 பிட்டுக்கு மேல் உறுதி தருவதில்லை. 115200 ஓடுவது குட்டையான கேபிளில் கிடைக்கும் சலுகை. தூரம் வேண்டுமென்றால் ஆர்எஸ்-485.

விண்டோஸில் எப்படி?

கிரியேட்ஃபைல் சார்பால் திறந்து, கெட்கம்ஸ்டேட் மூலம் டிசிபி கட்டமைப்பை வாங்கி, பாட்ரேட் புலத்தில் எண்ணையே எழுதி, செட்கம்ஸ்டேட். சிபிஆர்_9600 என்ற மாறிலியின் மதிப்பும் 9600தான், ஆகவே குறியெண் குழப்பம் இங்கே கிடையாது. வாங்குமுன் டிசிபிலெங்த் புலத்தில் கட்டமைப்பின் அளவை வைக்க வேண்டும். காம்10 முதலான போர்ட்டுகளின் பெயருக்கு முன்னே இரண்டு பின்சாய்கோடு, புள்ளி, இன்னொரு பின்சாய்கோடு வர வேண்டும். சி சரத்துக்குள் ஒவ்வொரு சாய்கோட்டையும் இரட்டிக்க வேண்டும். காம்9 வரை ஓடிய நிரல் காம்10இல் திறக்க மறுப்பது இதனால்தான். செட்கம்டைமவுட்ஸ் அழைக்காமல் விட்டால், முன்பு அந்தப் போர்ட்டைப் பயன்படுத்திய நிரல் விட்டுச்சென்ற காத்திருப்பு நேரங்களே தொடரலாம்.

பட்டியலில் பி0 என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன வேகம்?

வேகம் இல்லை, தொலைபேசியை வைத்துவிடு என்ற கட்டளை. போகும் திசைக்கு பி0 வைத்து டிசிசெட்ஆட்டர் அழைத்தால், கணினி தயார் என்று சொல்லும் டிடிஆர் கம்பி இறங்கும். மோடம் இணைப்பைத் துண்டிக்கும். டிடிஆரைத் தன் ரீசெட் முனையோடு இணைத்திருக்கும் போர்டுகளில், பிறகு வேகத்தைத் திரும்ப வைக்கும்போதோ போர்ட்டை மறுபடி திறக்கும்போதோ அந்தக் கம்பி ஏறி, போர்டு முதலிலிருந்து தொடங்கும். அப்படிப்பட்ட போர்டில் திறந்த உடனே அனுப்பும் முதல் பைட்டுகள் தொலைவதற்கும் காரணம் இதுவே. ஓரிரு நொடி காத்திருந்து, டிசிஃபிளஷ் போட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.